ஒஷாவா ட்ரிபியூட் கொம்யூனிட்டீஸ் சென்ரர்: ஹொக்கிக்கு நல்லது, கொன்சேட்டுக்கு இடம் பார்த்து வாங்குங்கள்

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸின் ஐஸ் ஹொக்கி ஆட்டத்துக்கு ஒருவர் கொடுக்கும் காசில் ஒஷாவாவின் இந்த அரங்கில் குடும்பமே இருந்து, ஊர் ஜூனியர் அணியான ஜெனரல்ஸின் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஹொக்கிக்கு ஏறக்குறைய 5,200 கதிரைகள்தான். கடைசி வரிசையில் இருந்தாலும் ஸ்கேட் பனியை வெட்டுகிற சத்தம் காதில் விழும். ஏஜாக்ஸ், விற்பி பக்கம் இருக்கும் எங்கள் சனத்துக்குப் பெரிய தூரமும் இல்லை.

அரங்கு நகரசபைக்குச் சொந்தமானது. 2006 நவம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் சென்ரர் என்ற பெயரில் திறந்தார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு பெயர் மாறியது, பழையவர்கள் இன்னும் ஜி.எம். சென்ரர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இரண்டு ரிங்குகள், அதாவது ஆடும் பனித்தளங்கள், உண்டு. பெரியது ஆட்டத்துக்கும் கொன்சேட்டுக்கும், மற்றது ஊர்ப் பிள்ளைகளின் பயிற்சிக்கு. 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுக்களில் குத்துச்சண்டையும் பாரம் தூக்குதலும் இங்கேதான் நடந்தன.

ரிக்கற் வாங்க முதல் எந்தப் பக்கம் என்று முடிவெடுங்கள். புதிதாக வருகிறவர்கள் கண்ணாடியோடு ஒட்டிய முன்வரிசைக்குத்தான் ஓடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், மோதும்போது கண்ணாடி அதிரும். ஆனால் 200 அடி நீள ரிங்கில் மறு முனையில் நடப்பது அங்கிருந்து ஆட்களின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும், பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லை) எங்கே என்றே பிடிபடாது. எட்டுப் பத்து வரிசை மேலே ஏறி, நடுக்கோட்டுக்கு அண்மையில் இருங்கள். யார் வெறுமையான இடத்துக்கு ஓடுகிறான், காவல் ஆட்டக்காரன் ஏன் பக்கைக் கொடுக்காமல் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அந்த உயரத்தில்தான் விளங்கும்.

கோலுக்குப் பின்னால் உள்ள பகுதிகளில் வலைக்கு ஊடாகத்தான் பார்க்க வேண்டும். 2002இல் கொலம்பஸில் பக் பட்டு ஒரு சிறுமி இறந்தபிறகு பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல். வலையைக் கட்டாயமாக்கியது, ஜூனியர் அரங்குகளும் அதையே பின்பற்றுகின்றன. ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும், படம் எடுக்கிறவர்களுக்குத்தான் எரிச்சல். நீளப் பக்கங்களில் அந்த வலை கிடையாது. பக் ஆறு அவுன்ஸ் இறுகிய ரப்பர், அதிலும் துள்ளாமல் இருக்க உறையவைத்துத்தான் கொண்டுவருவார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

கோல்களைக் கிட்டவிருந்து பார்க்க ஆசை என்றால் எதிரணியின் பெஞ்ச் இருக்கும் முனையை எடுங்கள். ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும்; முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் ஒவ்வொரு அணியும் தன் பெஞ்சுக்குக் கிட்ட உள்ள கோலைத்தான் காக்கும். ஆகவே ஜெனரல்ஸ் அந்த முனையை நோக்கி இரண்டு தடவை தாக்குவார்கள், இரண்டாம் பகுதியில் மட்டும் மாறும். அந்த இரண்டாம் பகுதியில் இன்னொன்றையும் கவனியுங்கள். காக்கும் இடத்திலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். சாதாரணமாக முக்கால் நிமிடத்தில் ஆள் மாற வேண்டியவர்கள் மாற முடியாமல் ஒன்றரை நிமிடம் சிக்கிக்கொள்வார்கள். கால் ஓய்ந்து, ஸ்ரிக்கை ஊன்றிக்கொண்டு நிற்பவனைச் சுற்றித்தான் கோல் விழும்.

இனி அணி. 1937இல் தொடங்கி, ஜெனரல் மோட்டர்ஸிடமிருந்து பெயர் பெற்ற அணி இது. 1953இல் அப்போதைய அரங்கு எரிந்து அணியே இல்லாமல் போனது. 1962இல் திரும்பி வந்தபோது அதில் பின்னாளில் பெரும் நட்சத்திரமான பொபி ஓர் 14 வயதில் இருந்தார். பிறகு எரிக் லின்ட்ரோஸ், ஜோன் டவாரெஸ் போன்ற நட்சத்திரங்களும் இங்கே ஆடினார்கள். கனடா ஜூனியர் ஹொக்கியின் முதன்மைக் கிண்ணமான மெமோரியல் கப்பை வென்றது ஐந்து தடவை: 1939, 1940, 1944, 1990, 2015. கட்டடத்துக்குள்ளேயே ஒஷாவா விளையாட்டு வீரர் நினைவுக்கூடமும் இருக்கிறது. முதல் இடைவேளையில் எல்லாரும் கோப்பிக்கு வரிசையில் நிற்பார்கள், நினைவுக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் ஆட்டம் தொடங்க முன்னரே போய்விடுங்கள்.

பழைய பெருமையை நம்பி ரிக்கற் வாங்காதீர்கள். ஜூனியர் அணிக்கு ஆயுள் குறைவு. பொதுவாக 16 முதல் 20 வயதுவரைதான் ஆடலாம், 20 வயதுக்காரர் மூன்று பேருக்குத்தான் இடம். 2024லும் 2025லும் ஜெனரல்ஸ் தான் ஆடும் ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல். இறுதிச் சுற்றுக்குப் போய் இரண்டு தடவையும் ஒன்ராறியோவின் லண்டன் நகர அணியிடம் தோற்றது. என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் 2024 டிராஃப்ற்றில் அனஹைம் அணி மூன்றாவதாக எடுத்த பெக்கற் செனெக்கி அந்த அணியில்தான் ஆடினார். அப்படியானவர்கள் போனதும் அடுத்த வருசம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துத் திரும்பக் கட்டவேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து இந்த லீக்கில் ஆடியவர்களையும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி சேர்த்துக்கொள்வதால், 18, 19 வயதில் நல்லவர்கள் அந்த வழியாகவும் கழன்றுவிடுகிறார்கள். ஜனவரி ஆள்மாற்றக் கெடு முடிந்தபிறகு புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். மூத்தவர்களை விற்றிருந்தால் அந்த வருசம் கைகழுவியாயிற்று என்று அர்த்தம். அதற்காகப் போகவேண்டாம் என்றில்லை. பிழை விடுகிற அணியின் ஆட்டத்தில் கோல் அதிகம், சிறுவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பழைய எதிரியான பீற்றர்பரோ அணி வருகிற இரவு மட்டும் இரண்டு அணியும் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கலாம்.

உள்ளே குளிரும். கொங்கிறீற் தளத்துக்குள் ஓடும் குழாய்களில் குளிரூட்டிய திரவம் சுற்றி, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய பனியை மறை ஐந்து செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறது. செப்டெம்பரில் வெளியே ரீசேட்டோடு திரிகிறவர்களும் உள்ளே ஒரு ஜக்கெற் கொண்டுபோக வேண்டும். பகுதிகளுக்கு இடையில் பனியைச் சீராக்கும் சம்போனி வண்டி சுடுதண்ணீர்தான் ஊற்றும். சூடு மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கிக் கீறல்களோடு ஒட்டிவிடும், சுடவைத்த தண்ணீரில் காற்றும் குறைவு. அது முழுதாக இறுகமுன் ஆட்டம் தொடங்கினால் முதல் நிமிடங்களில் பக் ஈரத்தில் மந்தமாகப் போகும். பகுதி முடியும்போது பனித்தூள் சேர்ந்து, நேராகக் கொடுத்த பக்கும் ஸ்ரிக்கைத் தாண்டித் துள்ளும். கெட்டித்தனம் இல்லை என்று பிள்ளைகளைத் திட்டமுன் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி இரவும் ஞாயிறு மாலையும். முழு ஆட்டத்துக்கு இரண்டரை மணிநேரம் பிடிக்கும். ரயிலை நம்பி வந்தால் ஏமாறுவீர்கள். ஒஷாவா கோ ரயில் நிலையம் நகர மையத்தில் இல்லை, இறங்கி இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்களுக்கு ஹைவே 2 வழியாக ஓடும் டர்ஹம் 900 பஸ் நேரே நகர மையத்துக்கே வரும், அங்கிருந்து அரங்கு இருக்கும் ஆதோல் வீதிக்குச் சின்ன நடை. திரும்பும் பஸ் நேரத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடுங்கள், மேலதிக நேரத்துக்குப் போனால் கணக்குப் பிசகும். காரில் என்றால் ஹைவே 401இல் சிம்கோ வீதியில் இறங்குங்கள். சுற்றியுள்ள நகரசபைக் கார்ப்பார்க்குகளில்தான் விடவேண்டும், தொடங்க முக்கால் மணிநேரம் முன்னர் வந்தால் அலையத் தேவையில்லை. சாப்பாட்டை ஏஜாக்ஸிலேயே முடித்துக்கொண்டு வருவது மேல். அரங்கு உணவு அரங்கு உணவுதான், விலையும் அப்படியே.

கொன்சேட்டுக்கு வாங்குவோர் தளக் கதிரைகளை யோசித்து வாங்குங்கள். பனியைக் கரைப்பதில்லை, மேலே காப்புப் பலகை அடுக்கிக் கதிரை போடுவார்கள். குளிர் பலகைக்கு ஊடாக ஏறும், மெல்லிய செருப்போடு வந்தால் ஒரு மணிநேரத்தில் கால் விறைக்கும். தளம் சமதரை என்பதால் முன்னால் உள்ளவர் எழும்பினால் மேடை போய்விடும். கண்ணாடியும் கொங்கிறீற்றும் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் மேடைக்கு எதிர் முனையில் பாட்டின் சொல் தெளியாது. பக்கவாட்டில், மேடைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில், கொஞ்சம் உயரமான வரிசை கிடைத்தால் தளத்தை விட மலிவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.