கதவில் மாட்டும் தோள்பட்டைக் கப்பி: நம்ம ஊர்க் கதவுக்கு ஒத்துவருமா?

தோள் இறுகிப்போனவர்களிடம் பிசியோதெரபிஸ்ட் வாங்கச் சொல்லும் சாமான்களில், நல்ல கையால் கயிற்றை இழுத்து நோவுள்ள கையைத் தூக்கிவிடும் இந்தக் கப்பிக்கு முதல் இடம். மார்த்தாண்டம், நாகர்கோவில் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கம் போனாலும் கிடைக்கும். விலை பெரும்பாலும் 300 முதல் 600 ரூபாய்க்குள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன உருளை, அதைக் கதவில் தொங்கவிட ஒரு நைலான் பட்டை, பட்டையின் முனையில் கதவுக்குப் பின்னால் தடுத்து நிற்க ஒரு உருண்டைக் கட்டை, ஒரு கயிறு, இரண்டு கைப்பிடி. சில பெட்டிகளில் இழுத்துப் பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பேண்டும் சேர்த்து வைத்திருப்பார்கள்.

கப்பியை வாங்கலாம். கூட வரும் பேண்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கப்பி பலன் தருவதும் தராததும் பாதிக்குமேல் உங்கள் கதவையும் நாற்காலியையும் பொறுத்தது. "வாங்கினோம், ஒண்ணும் ஆகல" என்று மூலையில் போட்டுவிடுகிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு மாட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில் கதவைப் பாருங்கள். குமரி மேற்கில் பழைய வீடுகளின் வாசல் கதவு அயனியிலோ பிலாவிலோ செய்த கனமான இரட்டைக் கதவு. அது இதற்கு ஆகாது. இரண்டு பலகையும் சேரும் இடத்தில் பட்டை நழுவும், மேலே இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. உள்ளறையின் ஒற்றைக் கதவுதான் சரி. குளியலறையின் பிளாஸ்டிக் கதவு மேல்விளிம்பில் வளைந்துகொடுக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கதவு திறக்கும் திசை. பலரும் தவறுவது இங்கேதான். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கதவு உங்களை விட்டு விலகித் திறக்க வேண்டும். படுக்கையறைக் கதவு அறைக்குள் திறக்கிறது என்றால் நாற்காலி ஹாலில் இருக்க வேண்டும், தடுப்புக் கட்டை அறைக்குள் இருக்க வேண்டும். அப்போது நீங்கள் கயிற்றை இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். மாறிப்போனால் நீங்கள் இழுப்பதே கதவைத் திறந்துவிடும், உருளை தலையில் விழும். ஹால் பக்கம் கொண்டி போட்டுவிட்டு உட்காருங்கள். உள்ளே யாராவது இருந்தால் முதலில் வெளியே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பட்டையை மாட்டியதும் உடனே கையைக் கோக்காதீர்கள். நல்ல கையால் உடம்பின் பாரம் கொஞ்சம் போட்டு நான்கைந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நம்ம பக்கம் மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஆனி, ஆடியில் மரக்கதவு ஊதிப்போய், கோடையில் சுலபமாக நுழைந்த பட்டை நுழையாது. அடித்து நுழைத்தால் பட்டையின் தையல் பிய்யும். அந்த நாட்களில் உத்தரத்திலோ கூரைக் கம்பியிலோ உறுதியான கொக்கி ஒன்றை அடித்து, உருளையை அதில் தொங்கவிடுவதே நல்லது. நேர் கீழே நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

நேர் கீழே என்று சொல்லக் காரணம் உண்டு. மலிவான உருளைகளில் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சந்து இருக்கும். பக்கவாட்டில் சாய்வாக இழுத்தால் கயிறு சக்கரத்தின் பள்ளத்தை விட்டு ஏறி அந்தச் சந்தில் சிக்கிக்கொள்ளும். கை மேலே போன நிலையில் கயிறு சிக்கினால், நோவுள்ள கையைத் தானாக இறக்க முடியாதவருக்கு அது பெரிய வேதனை. கடையிலேயே உருளையைக் கையில் வாங்கிச் சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதென்றால் வேறு கேளுங்கள். குளச்சல், தேங்காப்பட்டணம் போலக் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அச்சு இரும்பாக இருந்தால் சீக்கிரம் துருப்பிடித்துக் கிறீச்சிடும். தேங்காயெண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கைப்பிடியில் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சு வியர்வையில் உரிந்துவிடும் என்பதால் வெறும் மரப்பிடியே மேல்.

கயிற்றின் நீளத்தையும் சரிசெய்தாக வேண்டும். ஒரு கைப்பிடி தொடையில் இருக்கும்போது மற்றது உருளைக்கு ஒரு சாண் கீழே நிற்க வேண்டும். ஆறரை அடிக் கதவும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியும் என்றால் சுமார் 5 அடிக் கயிறு ஆகும். பெட்டியில் வருவது பெரும்பாலும் இதைவிட நீளம். சுருக்காமல் செய்தால் நல்ல கை தரைவரை போகும், நோவுள்ள கை பாதி வழியில் நிற்கும். நைலான் கயிற்றில் ஒற்றை முடிச்சு வழுக்கும், எட்டு (8) வடிவ முடிச்சு போடுங்கள். வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

இனி பயிற்சி. கிணற்றில் தண்ணி கோரியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது: நோவுள்ள கை வாளி, இழுப்பது நல்ல கை. வாளி தானாக ஏற முயலக் கூடாது. தோளின் சதைகளைத் தளரவிட்டு, நல்ல கை கீழே இழுக்க, மற்றது மேலே போக வேண்டும். முதல் வாரங்களில் கதவைப் பார்த்து, உருளைக்கு நேர் எதிரே, ஒன்றரை இரண்டு அடி தள்ளி உட்காருங்கள். கை முன்பக்கமாக ஏறும், அது தோளுக்கு இதம். அசைவு கூடிய பிறகு முதுகைக் கதவின் பக்கம் திருப்பி உட்கார்ந்தால் கை இன்னும் மேலே போகும். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். கையை நேர் பக்கவாட்டில் தூக்காமல், பக்கத்துக்கும் முன்னுக்கும் இடையில் சற்றே முன்னால் கொண்டுவந்து தூக்குங்கள். தோள்பட்டை எலும்பு அமைந்திருக்கும் திசை அதுதான், உரசல் குறையும்.

மேலே போய் 5 முதல் 10 விநாடி நிறுத்தி, போன வேகத்தைவிட மெதுவாக இறக்குங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. தொடங்குமுன் 10, 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அசைவு சுலபமாக வரும். 10-க்கு 3, 4 என்னும் அளவில் இழுவை வலி இருக்கலாம். நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்க வேண்டும். அன்று இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற நினைப்பு தோளை மேலும் இறுக்கும்.

பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. கை ஏறாதபோது உடம்பு இரண்டு கள்ளத்தனம் செய்யும். ஒன்று, தோள் காதை நோக்கி எகிறும். மற்றது, இடுப்பு வளைந்து உடம்பு பின்னால் சாயும். இரண்டிலும் கை உயர்ந்த மாதிரித் தெரியும், மூட்டு அசைந்திருக்காது. இந்தக் கள்ளத்தனம் தொடங்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி, தோளை இறக்கி வைத்துச் செய்வதே மெய்யான கணக்கு.

இந்தக் கப்பி ஒரு முக்கியமான அசைவைத் தராது. உறை தோள் என்று சொல்லும் இறுக்கத்தில் முதலில் போவது பெரும்பாலும் கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் அசைவு. தலை வாரவும் சட்டைக்குள் கை நுழைக்கவும் முடியாமல் போவது அதனால்தான். கப்பி மேலும் கீழும் மட்டுமே இழுக்கும். வெளிப்பக்கம் திருப்பும் அசைவுக்கு ஒரு மீட்டர் நீள முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் போதும், ஹார்டுவேர் கடையில் துண்டாகவே வெட்டித் தருவார்கள். மல்லாந்து படுத்து, நோவுள்ள பக்க முழங்கைக்குக் கீழே மடித்த துண்டை வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டுங்கள். இரண்டு கையிலும் குழாயைப் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகினால் அசைவு திருட்டுப்போகிறது என்று அர்த்தம். கப்பி வாங்குகிறவர் இந்தக் குழாயையும் வாங்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்றே சொல்வோம்.

பேண்டுக்கு வருவோம். தெராபேண்டு என்ற கம்பெனியின் வகையில் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6. பெட்டியோடு இலவசமாக வரும் பேண்டுகளில் இந்தக் கணக்கு நிற்பதில்லை, ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் பச்சையாக இருக்கும். நிறத்தை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போனால் தசைநாணுக்கு ஒரேயடியாகப் பாரம் ஏறும். ஒன்றரை மீட்டர் மஞ்சளைத் தனியாக வாங்குவதே ஒழுங்கு.

இந்த பேண்டுகளில் பெரும்பாலானவை ரப்பர் பாலில் செய்தவை. ஷீட் அடித்துப் புகைக்கூண்டில் காயவைக்கும் ஊருக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயில் பட்டால் வெடிக்கும், எண்ணெய் பட்டால் இளகும். தைலம் தேய்த்த கையோடு பிடிக்காதீர்கள். கொடியில் தொங்கவிடாமல், துடைத்து, டால்கம் பவுடர் கொஞ்சம் தூவி அலமாரியில் சுருட்டி வையுங்கள். வளையலும் மோதிரமும் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும் மாற்றிவிடுங்கள், அந்த இடத்தில்தான் அறுந்து முகத்தில் அடிக்கும். ரப்பர் பால் தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் லேட்டக்ஸ் இல்லாதது என்று கேட்டு வாங்க வேண்டும்.

பேண்டின் முதல் வேலை வெளித்திருப்பல். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு, கதவில் இடுப்பு உயரத்தில் கட்டிய பேண்டு. 10, 12 தடவை வீதம் இரண்டு சுற்று, திரும்பி வரும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வலி இருக்கும் கட்டத்தில் பேண்டைத் தொடவே வேண்டாம். அசைவு முதலில், பலம் பிறகு.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தோளைச் சுற்றியுள்ள நாலு தசைகளின் நாண் அறுந்து தைத்தவர்கள், அறுவை செய்த டாக்டர் நாள் குறித்துச் சொல்லும்வரை கப்பியைத் தொடக் கூடாது. கப்பியில் கை சும்மா தொங்குவது போலத் தெரிந்தாலும் தசை கொஞ்சம் வேலை செய்யும், எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் நாணுக்கு அதுவே அதிகம். தைத்த பிறகு முதல் 4 முதல் 6 வாரம் கை பெரும்பாலும் கழுத்தில் மாட்டிய தூளியில்தான் தொங்கும். பலப் பயிற்சிக்குச் சுமார் 12 வாரம் ஆகும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர்களுக்கும் தலைக்கு மேல் இழுக்கும் கப்பி ஆகாது, தளர்ந்த மூட்டில் வலியைக் கூட்டும். தோள் ஒருமுறை நழுவியவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, தோளோடு காய்ச்சலும் இருக்கிறது, இடது தோள் வலியோடு நெஞ்சு இறுகி வியர்க்கிறது என்றால் கடைக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

காரணமில்லாமல் தோள் இறுகினால் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இது அதிகம். முழுதாகத் தளர ஒன்று முதல் மூன்று வருஷம்கூட ஆகலாம். எண்ணெய் தேய்த்துவிடும் உழிச்சலும் மருந்துப் பொட்டலத்தால் ஒத்தடம் கொடுக்கும் கிழியும் வலியைத் தணித்து இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் இறுகிய கையை ஒரே இழுப்பில் தூக்கிவிடுவதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் கையைக் கொடுக்காதீர்கள். நாண் அறுவதும், எலும்பு தேய்ந்த வயதில் எலும்பே முறிவதும் அப்படித்தான்.

இத்தனை மாதமும் உடம்பைச் சும்மா வைத்திருந்தால் சர்க்கரை ஏறும், முதுகு கூனும், தோளும் அதோடு முன்னால் சரியும். நடை தினமும் அரை மணி நேரம் இருக்கட்டும். நோவுள்ள கையைச் சட்டைப் பையில் செருகாமல், முடிந்த அளவு வீசி நடங்கள். தூளியில் இருப்பவர்கள் விரலையும் மணிக்கட்டையும் அசைத்துக்கொண்டே இருந்தால் கை வீங்காது. உடற்பயிற்சி சைக்கிளில் நிமிர்ந்து உட்காருங்கள், கைப்பிடியில் பாரம் போட வேண்டாம். பாதுகாப்பான குளம் பக்கத்தில் இருந்தால் கழுத்தளவு நீரில் நின்று கையை மிதக்கவிடுங்கள், கப்பி செய்யும் வேலையில் பாதியைத் தண்ணீரே செய்யும். குழித்துறை ஆற்றில் பாறை வழுக்கும், அங்கே வேண்டாம். களியக்காவிளை பஸ்ஸில் நின்றபடி போகிறவர்கள் மேல்கம்பியை விட்டு, நல்ல கையால் சீட்டுக் கம்பியைப் பிடியுங்கள். ஒரு திடீர் பிரேக் இரண்டு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

ரப்பர் பால்வெட்டுக்குத் திரும்புகிறவர்கள் நெஞ்சளவு உயரத்து மரப்பட்டையிலேயே தொடங்கி, கையை உயர்த்தி வெட்டும் மேல்வெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் உயர்த்தும்போது பெருவிரல் இரண்டும் ஒரே உயரத்தில் சுவரைத் தொட்டால் கப்பியைக் கழற்றி வைக்கலாம். குழாயை மட்டும் இன்னும் இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள்.