ரிட்டர்ன் பார்சலை வெளியாளிடம் விடும் சேலை வியாபாரிகள் கவனத்துக்கு

இளம்பிள்ளை பக்கம் ஆன்லைனில் சேலை விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 68,400 ரூபாய் போய்விட்டது. 76 சேலை, அடக்கவிலை ஒன்று 900. லாபத்தை நான் சேர்க்கவே இல்லை.

தீபாவளி முடிந்ததும் ரிட்டர்ன் எப்படிக் குவியும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேஷ் ஆன் டெலிவரியில் போட்டுவிட்டு வாங்காமல் திருப்புவது ஒரு பக்கம். வாங்கிப் பிரித்துவிட்டு, கலர் பிடிக்கவில்லை என்று அனுப்புவது இன்னொரு பக்கம்; அந்தக் கூரியர் செலவும் நம் தலையில்தான். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, வீடியோ எடுத்து, கெடுவுக்குள் விற்பனைத் தளத்தில் நஷ்டஈடு கேட்டுக் கிளெய்ம் போட ஆள் எங்கே? சேலத்தில் இதற்கென்றே ஒரு ஏஜென்சி இருப்பதாகச் சொன்னார்கள். பார்சலுக்கு 15 ரூபாய்.

நேரில் போனேன். அந்த ஆள் ஒரு பார்சலைத் தராசில் வைத்து எடையைச் சரிபார்த்தார். கேமராவுக்குக் கீழே டேப்பை வெட்டினார். சேலையை முந்தி வரை விரித்து, கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உங்க சரக்க எங்க சரக்கு மாதிரி பாத்துக்குவோங்கண்ணா." அதைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். ரிட்டர்ன் முகவரியையே அவர்கள் குடோனுக்கு மாற்றினேன்.

ஏஜென்சியில் இருந்து மூட்டை வந்தது. பிரித்தால் எங்கள் சாஃப்ட் சில்க் இல்லை. சாயம் போன பாலியஸ்டர், ஃபால்ஸ் தைத்து, மடிப்பில் மஞ்சள் கறையோடு! கஸ்டமர் மாற்றி அனுப்பிவிட்டார் என்கிறார்கள். சரி, அப்படியும் நடக்கும். ஆனால் இதில் பாதிக்கு மேல் டெலிவரியே ஆகாமல் திரும்பியவை. கஸ்டமர் கையே படாத பார்சலுக்குள் கட்டிக் கழித்த சேலை எப்படி வந்தது? கடைப் பெயர் அச்சடித்த எங்கள் டேப்பை லேபிள் ஓரமாகக் கத்தரித்து, மேலே வெறும் டேப் ஒட்டியிருக்கிறது.

ஏஜென்சியில் கேட்டால் கூரியரைக் கேளுங்கள். கூரியரில் கேட்டால் விற்பனைத் தளத்தில் டிக்கெட் போடுங்கள். தளத்தில் போட்டால் கெடு முடிந்தது, டிக்கெட் மூடப்பட்டது. வீடியோவையாவது கொடுங்கள் என்றால் "சர்வர்ல அழிஞ்சிருச்சுங்கண்ணா." அப்புறம் "ஓனர் ஏற்காடு போயிருக்காரு, திங்கக்கிழமை வாங்க." எந்தத் திங்கட்கிழமை? இப்போது போனையே எடுப்பதில்லை. அவர்கள் பில் மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு வாட்ஸ்அப்பில் தவறாமல் வருகிறது. 68,400 ரூபாய்க்கு மேல் இது வேறு!

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ரிட்டர்ன் முகவரியை அடுத்தவன் குடோனுக்கு மாற்றாதீர்கள். டேப்பைப் பார்க்காமல் ரிட்டர்ன் கொண்டுவரும் கூரியர் ஆளிடம் ஓடிபி கொடுக்காதீர்கள். லேபிளில் தொடங்கி சேலை முழுக்க விரியும் வரை ஒரே வீடியோவாக உங்கள் போனிலேயே எடுங்கள். ஆடிட்டரிடம் சொல்லி கிரெடிட் நோட் (திரும்பிய சரக்கின் பில் தொகையைக் கழிக்கும் சீட்டு) போடுங்கள், வரியாவது மிஞ்சும். விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் கெடு.

போலீஸ் கமிஷனர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் சேலத்தில் இருந்தால், டேப்பும் லேபிளும் தெரிகிற போட்டோவோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.