எலி ஹெச்.எஸ்.பி.70: ஈ.கோலையில் செய்ததா, மனிதச் செல்லில் செய்ததா?

ராயபுரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு எலியின் ஹெச்.எஸ்.பி.70 என்னும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை வாங்க வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது விலை மலிவு. மனிதச் செல்லில் தயாரித்ததன் விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

லூசிஃபெரேஸ் மறுமடிப்புச் சோதனைக்கு (குலைந்துபோன ஒளி நொதியை மீண்டும் மடிக்கிறதா என்று பார்ப்பது) என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஈ.கோலைச் சரக்கு. ஹெச்.எஸ்.பி.70 ஒரு சாப்பரோன், அதாவது செல்லுக்குள்ளேயே இருந்து, மடிப்புக் குலைந்த புரதங்களைச் சீராக்குவது. சர்க்கரை ஒட்டு எதுவும் தேவையில்லை என்பதால் பாக்டீரியாவே ஒழுங்காகச் செய்துவிடும். (துணைப் புரதமான ஹெச்.எஸ்.பி.40-ஐயும் ஆற்றல் தரும் ஏடிபியையும் சேர்க்க மறந்துவிட்டுச் சரக்கைத் திட்டுகிறவர்கள் உண்டு.) ஒரே உறுத்தல், ஈ.கோலையின் சொந்த சாப்பரோனான டிஎன்ஏகே. ஹெச்.எஸ்.பி.70-இன் பங்காளிதான். எடையும் கிட்டத்தட்ட அதே 70 கிலோடால்டன் என்பதால், கூடவே வந்திருந்தாலும் ஜெல்லில் தனியாகத் தெரியாது.

செல் மேல் விடுவதென்றால் கதையே வேறு. போன வருடம் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல் மேல் ஈ.கோலைச் சரக்கை விட்டேன். டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதம் எகிறியது. சரக்கைக் கொதிக்கவைத்த பிறகு செல் மேல் விட்டேன், டிஎன்எஃப் இறங்கியது. ஈ.கோலையின் உறையிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் சூட்டுக்கு அசையாது என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் இது புரதத்தின் வேலைதான் என்று குதித்தேன். சீனியர் அக்கா குதிக்கவில்லை. "பாலிமிக்சின் பி போட்டுப் பாத்தியாடா?" எண்டோடாக்சினை முடக்கும் மருந்து அது. போட்டேன். அப்போதும் இறங்கியது. ஆக, எகிறவைத்தது எண்டோடாக்சின்தான். எண்டோடாக்சின் கொஞ்சமாக இருந்தால் கொதியில் அதுவும் வீரியம் இழக்கும். ஹெச்.எஸ்.பி.70-ஐ வைத்தே 2003இல் இதை எழுதிவிட்டார்கள். படிக்காதது என் தப்பு.

ஆகவே செல்லுக்கு மனிதச் செல் சரக்கு. அதிலும் சான்றிதழில் எண்டோடாக்சின் அளவைப் பார்த்த பிறகுதான் ஆர்டர். தண்ணீர், பஃபர் வழியாகவும் அது ஏறும்.

திரவமா, பொடியா? திரவம் உடனே பயன்படும், ஆனால் உலர் பனியில் வர வேண்டும். "காசிமேட்ல இல்லாத ஐஸா சார்?" என்றார் டெலிவரி தம்பி. அது மீனுக்குப் போதும். இதற்கு மைனஸ் 78 டிகிரி. வெள்ளிக்கிழமை மாலை எங்காவது சிக்கிய பெட்டி திங்களன்று வந்தால் உள்ளே வெறும் தெர்மாகோல்தான் குளிரும். நான் பொடிக் கட்சி. கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிடுவேன்.

குப்பி காலியாகத்தான் தெரியும். திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் படலத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.