ரைபிளுக்கு ‘மேம்பாட்டுப் பாகங்கள்’ போடும் முன் இதைப் படியுங்கள்

.22 போல்ட் ரைபிள், அதாவது குழலின் பின்வாயை மூடும் ‘போல்ட்’ என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் சிறு ரைபிள், வைத்திருக்கும் எல்லோருக்கும் இது. பல வருடங்களாகக் கைக்குப் பழகிய என் ரைபிளை, நம்பகத்தன்மையைக் கூட்டுகிறேன் என்று சொல்லி ஒருவர் பாழாக்கிக் கொடுத்தார். அதற்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

தொடக்கத்தில் இருந்த குறை சிறியதுதான். அறுபது குண்டு சுட்டால் மூன்று நான்கு வெடிக்காமல் போகும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், உடம்பு சற்று இறுகினாலும் குறி தவறும். விசையை அழுத்தியதும் வெறும் ‘டக்’ மட்டும் கேட்டால், அடுத்த சில குண்டுகளுக்கு உடம்பு அதையே எதிர்பார்த்து இறுகிவிடும். அதனால்தான் பழுதுபார்ப்பவரிடம் போனேன். அவர் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. பழைய பாகங்களை நம்ப முடியாது என்றார். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் (கடினப்படுத்தியது), அதைத் தள்ளும் வலுவான ஸ்பிரிங், சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் (புதியது) மூன்றையும் சேர்த்து மாற்றச் சொன்னார். சம்மதித்தேன்.

இரண்டு வாரம் ஒரு குண்டு கூடத் தவறவில்லை. அந்த மகிழ்ச்சியில் உடன் பயிற்சி செய்யும் இரண்டு பேரை அவரிடம் அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மூன்றாவது வாரம் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு, குழலில் தோட்டா அமரும் அறையான சேம்பரிலேயே சிக்கத் தொடங்கியது. போல்ட் பின்னால் வரும், கூடு வராது. துப்புரவுக் கம்பியை முன்பக்கமாக விட்டுத் தள்ளித்தான் எடுத்தேன். திரும்பப் போனபோது அவர் இன்னும் வலுவான எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை விற்றார். அது கூட்டின் விளிம்பையே கிழித்தது. மூன்றாம் முறை போனேன். குழல் தேய்ந்துவிட்டது, புதுக் குழல் போட வேண்டும் என்றார். பழைய பாகங்களைக் கேட்டேன். தூக்கி எறிந்துவிட்டாராம்.

பிறகு வேறொரு அனுபவசாலி ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோனேன். அவர் முதலில் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்து, சேம்பரின் வாயைப் பார்க்கச் சொன்னார். விளிம்பில் ஆழமான ஒரு வெட்டு. அதிலிருந்து பிதுங்கிய எஃகு சேம்பருக்குள் முள்ளைப் போல் நீட்டிக்கொண்டிருந்தது.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான் எனக்கு முழுதும் புரிந்தது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பரின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் வெடிக்கும். தோட்டாவின் விளிம்புக்கு உள்ள இடமோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. ஆகவே தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால், ஃபயரிங் பின் சேம்பரின் எஃகைத் தொடாமல் நின்றுவிட வேண்டும். எனக்குப் போட்ட ஃபயரிங் பின் அளவை மீறி நீண்டிருந்தது. நான் தினமும் வீட்டில் காலி ரைபிளோடு விசைப் பயிற்சி செய்கிறவன். ஒவ்வொரு அழுத்தலிலும் அந்தக் கடினமான பின், வலுவான ஸ்பிரிங்கின் வேகத்தோடு உளியைப் போல் சேம்பர் விளிம்பில் இறங்கியிருக்கிறது. வெடிக்கும்போது விரியும் பித்தளைக் கூடு அந்த முள்ளில் மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

போல்ட்டைத் திறந்ததும்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளே கெட்டிப்பட்ட எண்ணெயும் கரியும் பசையாக அப்பிக் கிடந்தன. பின்னின் வேகத்தைக் குறைத்து அடியை மெலியச் செய்தது அந்தப் பசைதான். முதலில் பழுதுபார்த்தவர் அதைத் துடைக்காமலே மேலே புதுப் பாகங்களை மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு துணியும் கொஞ்சம் கரைப்பானும் தீர்த்திருக்க வேண்டிய வேலை இது.

வெடிக்காத தோட்டாக்களை நான் பார்க்காமல் ஒதுக்கியதும் தவறு. குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடியாவது காத்திருந்து, பிறகு எடுத்து விளிம்பைப் பார்க்க வேண்டும். பின்னின் தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. தடம் மேலோட்டமாக இருந்தால் ரைபிளைப் பார்க்க வேண்டும், அப்போதும் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. ஃபயரிங் பின்னை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அது எவ்வளவு நீட்டுகிறது என்பதை மாற்றும் முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள்.

என் ரைபிளில் ஆர்மரர், கூம்பிய கடினக் கருவி ஒன்றைச் சேம்பருக்குள் செலுத்தி, பிதுங்கிய உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்திவிட்டார். அரத்தால் ராவியிருந்தால் தோட்டாவின் விளிம்புக்கு அந்த இடத்தில் தாங்கல் போயிருக்கும் என்றார். தயாரிப்பாளரின் பின்னும் ஸ்பிரிங்கும் போட்ட பிறகு கூடுகள் ஒழுங்காக வருகின்றன. வெட்டின் தழும்பு மட்டும் இருக்கிறது.

நான் அனுப்பிய இருவரில் ஒருவருடைய சேம்பரிலும் அதே இடத்தில் வெட்டு. இப்படிப் பாகம் மாற்றியவர்கள் இன்றே ரைபிள் காலி என்று உறுதி செய்து, போல்ட்டை வெளியே எடுத்து, பஞ்சுக் குச்சியைச் சேம்பர் விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால், பின்னை அளந்து பார்க்கும்வரை அந்த ரைபிளில் சுட வேண்டாம், வெறும் விசைப் பயிற்சியும் வேண்டாம்.