‘பேட்டரியைக் கழற்றலாம்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிற மோட்டார் வைத்த பயணப் பெட்டி வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், எனக்கு நடந்ததைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. பெரிய விமான நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குப் போவதற்குள் உயிர் போய்விடும். அதற்காகத்தான் இணையத்தில் இதை ஆர்டர் செய்தேன், பந்தாவுக்காக அல்ல (சரி, கொஞ்சம் பந்தாவும்தான்). விளம்பரத்தில் இருந்த இரண்டு வரிகளை நம்பினேன்: ‘பேட்டரியைக் கழற்றலாம்’, ‘விமானப் பயணத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது’.

இரண்டாவது வரி வெறும் அலங்காரம். பெட்டிக்கு அங்கீகார முத்திரை குத்தித் தரும் அமைப்பு எதுவும் கிடையாது. பேட்டரிக்குத்தான் விதிகள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று அந்தந்த விமான நிறுவனம் முடிவு செய்யும். எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

கேபினுக்குள் கொண்டுபோவதுதான் என் திட்டம். கவுன்டரில் தராசில் வைத்தால் 13 கிலோ. கைப்பெட்டிக்கு அனுமதி 7 கிலோ. காலிப் பெட்டியே 9 கிலோ இருக்கும்போது நான் எதை எடுத்துவிட்டு எதை வைப்பது? விளம்பரத்தில் போட்டிருந்த எடை பேட்டரி இல்லாத எடை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

“பெட்டியைச் செக்-இன்னில் போட்டுவிடுங்கள், பேட்டரியை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவர் சொன்னது சரிதான். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், கேபினில் யார் கண்ணிலாவது படும், தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். கீழே சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயுவான ஹாலான் மேலே எரியும் தீயை அடக்கலாம், ஆனால் பேட்டரிக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும் சூட்டை அதனால் நிறுத்த முடியாது. அதனால்தான் 2018 ஜனவரியிலிருந்து பல விமான நிறுவனங்கள் இப்படிப் பேட்டரி வைத்த ‘ஸ்மார்ட்’ பெட்டிகள் விஷயத்தில் கறாராகிவிட்டன. பேட்டரியைக் கழற்ற முடியாத பெட்டிகளை விற்ற புளூஸ்மார்ட் நிறுவனம் அதே வருடம் கடையையே மூடியது.

சரி, கழற்றலாம் என்று குனிந்தேன். அமுக்கினால் பேட்டரி வெளியே வருகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும் என்று நினைத்திருந்தேன். துணியெல்லாம் வெளியே எடுத்து, உள் உறையின் ஜிப்பைத் திறந்தால் ஒரு மூடி, அதில் நான்கு திருகுகள். பின்னால் வரிசை நீள்கிறது, என் உள்ளாடைகள் தரையில். ஓர் ஊழியர் எங்கிருந்தோ ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குக் கோடி நன்றி.

கழற்றிய பிறகும் தீரவில்லை. பேட்டரியில் எத்தனை வாட்-ஹவர், அதாவது மொத்தம் எவ்வளவு மின்னாற்றல் தேங்கும் என்று கேட்டார்கள். 100 வரை கையில் கொண்டுபோகலாம். 100-லிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் போனால் பயணியிடம் விடவே மாட்டார்கள். என் பேட்டரியின் ஸ்டிக்கரில் 20,000 மில்லிஆம்பியர்-ஹவர் என்று மட்டும் இருந்தது, வோல்ட் இல்லை. வோல்ட் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மில்லிஆம்பியர்-ஹவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் வாட்-ஹவர் வரும். 3.7 வோல்ட் என்றால் 74, தாராளமாகப் போகலாம். ஒரு ஆளைச் சுமக்கிற மோட்டாருக்கு 24 வோல்ட் என்று வைத்தால் 480. “இதில் எது?” என்று கேட்டார் மேற்பார்வையாளர். எனக்கு எப்படித் தெரியும்? பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன்.

போய் இறங்கிய இடத்தில் அந்தப் பெட்டியை இழுத்துப் பார்க்க வேண்டுமே! மோட்டார் சக்கரம் செத்த மாடு மாதிரி இழுத்தால் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. முழங்காலுக்காக வாங்கிய பெட்டி தோள்பட்டையையும் சேர்த்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

விற்றவர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். “கழற்றலாம் என்றுதானே போட்டிருக்கிறோம், கழற்றிவிட்டீர்களே” என்று பதில் வந்தது. கருவி இல்லாமல் கழற்றலாம் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லையாம். வாட்-ஹவர் கையேட்டில் இருக்கிறது என்றார்கள். கையேட்டில் இருந்தது ‘உயர்திறன் பேட்டரி’ என்ற இரண்டு வார்த்தைகள். அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்ற மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இதற்கு மேலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் பேட்டரி ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள், வாட்-ஹவர் அதில் அச்சாகியிருக்க வேண்டும். வெறுங்கையால் கழற்றும் வீடியோ கேளுங்கள். பேட்டரியோடு சேர்த்து எடை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்தன்று பேட்டரி முனைகளை டேப் ஒட்டி மறைக்கவும் மறக்காதீர்கள்.

கடைசி முயற்சியாக, மாற்று பேட்டரியாவது அனுப்புங்கள் என்று எழுதினேன். அனுப்புகிறோம், ஆனால் ஆறு வாரம் ஆகும், கப்பலில்தான் வரும் என்றார்கள். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்புவது ஆபத்தாம், விதிகள் ரொம்பக் கடுமையாம்.