ஊரிலேயே ஆடுவதா, டென்மார்க் போவதா?

ஜமைக்காவிலோ பார்படோஸிலோ நன்றாக பேட்மிண்டன் ஆடும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஊரில் இருந்தால் செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு, கரீபியப் போட்டிகளில் சீக்கிரமே பெயரும் வந்துவிடும். ஆனால் உலக ரேங்கிங் கணக்கு வேறு. 52 வாரங்களில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகள்தான் சேரும்; இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்ற நிலைப் போட்டி ஒன்றை ஜெயித்தால் 4000 புள்ளி, அதற்குக் கீழ்நிலையான ஃபியூச்சர் சீரிஸ் என்றால் 1700, இவை ஐரோப்பாவில் அடுத்தடுத்து நடக்கும், பல ஊர்களுக்கு ரயிலிலேயே போய்விடலாம், தீவிலிருந்தோ ஒவ்வொன்றுக்கும் விமான டிக்கெட்.

அதைவிடப் பெரிய விஷயம், பயிற்சியில் எதிரே நிற்பது யார் என்பது. ஊரில் அதே நாலு பேர். உங்கள் டிராப் ஷாட் (வலையை ஒட்டி மெதுவாக விழும் அடி) எங்கே விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டென்மார்க்கிலோ எதிரே நிற்பவர்கள் பலமானவர்கள்.

டென்மார்க்கில் பயிற்சி எடுத்த பிரேசிலின் இகோர் கொயெலோ 2019 லிமா பான் அமெரிக்கன் போட்டியில் (அமெரிக்கக் கண்ட நாடுகளின் விளையாட்டு விழா) ஒற்றையர் தங்கம் வென்றார். சரி, கரீபியப் பக்கம் ஆளே இல்லையா என்றால், கியூபாவின் ஒஸ்லேனி குரேரோ 2011-இல் அதே போட்டியில் வெள்ளி வாங்கியவர்தான்.

என் ஓட்டு டென்மார்க்குக்கு. ஆனால் வாடகைக்கும் இறகு ஷட்டிலுக்கும் ஒரு வருஷக் காசு கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள், குளிரில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே ஆடினால் ஆட்டம்தான் முதலில் அடிபடும்.