சைலன்சர் சூட்டுக்கு எது தடுப்பு: துணிச் சுற்றா, தகடா, செராமிக்கா?

போன சித்திரையில் பேச்சிப்பாறை போய்த் திரும்பும் வழியில் தக்கலையில் டீ குடிக்க நிறுத்திய கார், மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரைத் தொட்டேன். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் குழாய் பப்படம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. ஒரு சாண் தள்ளி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது என்ஜினின் புகையை வாங்கிச் சைலன்சர் பக்கம் அனுப்பும் குழாய். அதை மூடியிருக்க வேண்டிய தகட்டைக் காணவில்லை. முந்தைய சர்வீஸில் கலகலவென்று சத்தம் வருகிறது என்று சொல்லியிருந்தேன். சத்தத்தை நிறுத்தத் தகட்டையே கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் பார்த்து வருகிறேன். பெட்ரோல் என்ஜின் மூச்சைப் பிடித்து இழுக்கும்போது புகையின் சூடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பக்கத்தில் ஓடும் சாதாரண ஒயரின் உறை 105 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் தாங்காது. மேனிஃபோல்டின் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் தாவுகிறது. மேனிஃபோல்டு 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு ஏறினால் கதிர்வீச்சு இரண்டு மடங்கில் நிற்பதில்லை, ஐந்து மடங்கைத் தாண்டும். மலை ஏறும் நேரத்தில் ஒயர் கருகுவது அதனால்தான்.

இப்போது பலரும் முதலில் கேட்பது ராப் எனப்படும் துணிச் சுற்றைத்தான். கண்ணாடி இழையிலோ எரிமலைப் பாறை இழையிலோ நெய்த பட்டை அது. குழாயில் இறுக்கிச் சுற்றி ஸ்டீல் கிளிப் போட்டால் சூடு உள்ளேயே நிற்கும், பானெட்டுக்குள் வெக்கை நன்றாகக் குறையும். பந்தய வண்டிகளில் இதைப் போடுவதற்குக் காரணம் உண்டு: உள்ளே சூடு குறையாத புகை வேகமாக ஓடும்.

ஆனால் நம்முடைய கன்னியாகுமரிப் பக்கம் ஆனி ஆடிச் சாரலும், ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் வாங்கும் ஊர். கடலோரத்து முட்டத்தில் இருக்கும் என் மச்சான் ஜீப்பில் ராப் போட்டு இரண்டு வருஷம் கழித்து, மெக்கானிக் அண்ணன் அதைப் பிரித்தபோது நானும் நின்றேன். துணி பார்க்க நன்றாகவே இருந்தது. அடியில் குழாய் செதில் செதிலாக உரிந்து, ஸ்க்ரூடிரைவர் முனை ஓரிடத்தில் உள்ளேயே போய்விட்டது. “மக்கா, உப்புத் துணிய நனச்சி இரும்புல சுத்தி வச்சா வேற என்ன ஆவும்?” என்றார் அண்ணன். துணி கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. போதாக்குறைக்கு, வெளியே போக வழியில்லாத சூடு குழாயையே கூடுதலாகச் சுடுகிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் விரிசலும் விடலாம். ஆயில் கசியும் என்ஜினில் ராப் வேண்டவே வேண்டாம், ஊறிய துணி தீப்பிடிக்கும். ஆரல்வாய்மொழி தாண்டி வறண்ட பக்கம் ஓடும், ஸ்டெயின்லெஸ் குழாய் போட்ட வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

செராமிக் கோட்டிங், அதாவது குழாய்மேல் பூசும் பீங்கான் வகைப் பூச்சு, இந்தக் குறைகள் இல்லாதது. தண்ணீரைப் பிடித்து வைக்காது, மேல்பூச்சு உடையாதவரை துருவையும் தடுக்கும். செலவுதான் அதிகம். குழாயைக் கழற்றி, மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, பூசி, அடுப்பில் சுட வேண்டும். கடலோரத்தில் ஓடிய பழைய வண்டியில் மேனிஃபோல்டு போல்ட்டைத் திருப்பினால் பாதியில் முறியும், அந்தச் செலவு தனி. புது மேனிஃபோல்டு மாட்டும் நேரம் வந்தால் மாட்டுவதற்கு முன்பே பூசிவிடுவது நல்லது. ஸ்ப்ரே டப்பாவில் வரும் சில்வர் பெயிண்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சூட்டைத் தாங்கும், தடுக்காது.

தினமும் ஓடும் குடும்ப வண்டிக்கு நான் சொல்வது தகடுதான், கம்பெனி போட்டுத் தந்த அதே ஹீட் ஷீல்டு. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதில் ஓடும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் குழாயை ஒட்டினாற்போல வைக்கவே கூடாது, அவ்வளவு நெருக்கமான இடத்துக்கு ஸ்டீல் தகடு. சேறும் ஆயிலும் படிந்தால் பளபளப்பு போய்விடும், அப்போது தகடே சூட்டை உறிஞ்சும்.

அதோடு, ஒயருக்கும் ஹோஸுக்கும் அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடி இழை ஸ்லீவ் (குழாய் போன்ற உறை) மாட்டுங்கள். விலை கொஞ்சம்தான், பாதுகாக்க வேண்டிய பொருளையே நேரடியாகப் பாதுகாக்கிறது. சூட்டைத் திருப்பி அனுப்பும் தங்க நிற டேப்பும் அப்படித்தான், ஒயர் பக்கம் ஒட்டுவதற்கு. குழாயில் ஒட்டினால் பசை எரிந்து உரியும்.

சில பழைய பட்டறைகளில் கல்நார் கயிறு கிடக்கும். சூட்டைத் தாங்கும் என்று அதைச் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டு போகும், உங்களுக்கு மட்டுமல்ல, சுற்றித் தருகிற பையனுக்கும்.

இப்போது என் காரில் புதுத் தகடும் ஸ்லீவும் இருக்கின்றன. சாரல் தொடங்கும் முன், என்ஜின் நன்றாக ஆறியபின் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறேன். கலகலத்தால் போல்ட் துளை துருவில் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அகலமான வாஷர் ஒன்று போட்டு இறுக்கினால் சத்தம் நின்றுவிடும், தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை.